பூதத்தின் குறட்டை

"உங்கப்பா குறட்டையை ஊருக்கே போட்டுக் காட்டிட்டியேடி!" அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மகளுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. ஒரு நகைச்சுவை மாயாஜால நாவலை ஒலி நாடகமாக்கியபோது, தூங்கும் பூதத்துக்கு எந்தக் குறட்டையும் பொருந்தவில்லை. "இந்த மனுஷன்கூட எப்படிடி ஒரே ரூம்ல படுக்கிறது?" என்று அம்மா எப்போதோ சண்டைக்குச் சாட்சியாகப் பதிவுசெய்து அனுப்பிய அப்பாவின் குறட்டையை, அவளிடம் கேட்காமலேயே சேர்த்துவிட்டாள்.

"கோச்சுக்காதம்மா. கேட்டவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாரு." மகள் போனில் படித்தாள். "'ஹீரோவை விட பூதம்தான் சூப்பர்.' 'குறட்டை நடுவுல ஒரு விசில் வருதே, சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு.' 'இதைப் போட்டாத்தான் எங்க குழந்தை தூங்குது. குறட்டை விட்டவருக்கு நன்றி சொல்லுங்க.'"

விசில் பற்றி எழுதியிருந்ததை மறுபடி படிக்கச் சொன்னாள் அம்மா. மகள் பயந்துகொண்டே படித்தாள்.

"அந்த விசிலுக்காக எத்தனை தடவை அவரை முழங்கையால இடிச்சிருக்கேன்..." என்றாள் அம்மா. "நன்றியை அவர்கிட்ட சொல்லிடறேன்னு எழுது."

மகள் எழுதி முடித்ததும் அம்மா போனை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். சற்று நேரத்தில் பூதத்தின் குறட்டை கேட்டது. மகள் எட்டிப் பார்த்தாள்.

அப்பா இறந்ததிலிருந்து காலியாகவே கிடந்த பாதிக் கட்டிலில், அவருடைய தலையணைமேல் போன் இருந்தது. மாத்திரை போட்டும் தூக்கம் வராமல் தவித்த அம்மா, அதன் பக்கம் திரும்பி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

விசில் வந்தது. தூக்கத்திலேயே முழங்கையால் போனை ஓர் இடி இடித்தாள்.