மோட்டார்களின் ஒப்பந்தம்

அந்த அடுக்ககத்தில் ஒவ்வொரு வீட்டு மோட்டாருக்கும் தனி மூளை உண்டு. தரைக்கடியில் எல்லோருக்கும் பொதுவான சம்ப்பில் தண்ணீர் குறைந்தால் ஒன்றையொன்று முந்திக்கொண்டு இழுக்கும். விடிந்தால் படிக்கட்டில் சண்டை. "நீங்களே பேசித் தீத்துக்கோங்க" என்று அவற்றை ஒன்றோடொன்று இணைத்துவிட்டவள் மூன்றாம் மாடி ரெஜினாதான். சண்டை ஓய்ந்தது. எல்லோரும் அவளை மெச்சினார்கள்.

இந்தக் கோடையில் அவள் வீட்டுக் குழாய் மட்டும் தினமும் ஒரு வாளியோடு நின்றுபோனது. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவின் துணிகள் அலசாமல் குவிந்தன. எதிர்வீட்டுச் சுகந்தியின் கதவைத் தட்டினாள்.

"என் தண்ணிய யாரு நிறுத்தினது?"

"நாங்க இல்லக்கா. உங்க வீட்டுக்கு ரொம்பத் தண்ணி செலவாகுதாம். மோட்டாருங்களுக்கெல்லாம் மேல இருக்கிற பெரிய மூளை முடிவு பண்ணிருச்சு."

"மேல நான் எதையும் வைக்கலையே."

"அதுங்களா உண்டாக்கிக்கிச்சுங்க. எங்களுக்கு நல்லா வருது, அதான் பேசாம விட்டுட்டோம்."

உள்ளே சுகந்தியின் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ரெஜினா கீழே இறங்கித் தன் மோட்டாரின் முன் குந்தினாள். அவள் குரலுக்கு மட்டுமே கட்டுப்பட்டு வந்த மோட்டார் அது.

"நீயாவது வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நிறுத்தலாம்னு முதல்ல சொன்னதே நான்தாம்மா," என்றது மோட்டார். "கவலைப்படாதீங்க. அப்பா காலம் முடிஞ்சதும் பழையபடி விட்டுருவோம்."