மூட்டைக்காரன்

"கறுப்பு பொம்மைடி. கண்ணு இல்ல, மூக்கு இல்ல. முதுவுல ஒரு மூட்டை. அந்த பாயம்மா உக்காந்து பின்னினு இருக்குது. என் கண்ணால பாத்தேன்."

ராஜம்மாள் தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னாள். சேதி சூடாக இருந்தால் அவளுக்குக் குடத்தின் கனம் தெரியாது.

அம்மாக்கண்ணு அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். ஏதாவது விளையாட்டு பொம்மையாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள்.

"வெளையாட அந்த வூட்ல ஏது புள்ள?" என்றாள் ராஜம்மாள்.

பாயம்மா மெஹராஜ் பேகத்துக்கு இருந்தது ஒரே பிள்ளை, அன்வர். போன மாதம் கோட்டைக் குளத்தில் மூழ்கிப் போய்விட்டான். நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹா கூட இன்னும் ஆகவில்லை. கூடக் குளித்த அம்மாக்கண்ணுவின் மகன் அரிகிருஷ்ணன் பிழைத்துக்கொண்டான். குளிக்கப் போகலாம் என்று அன்வரை வாசலில் நின்று கூப்பிட்டதும் அவன்தான். தெருவுக்கே தெரியும்.

அன்று முதல் அரி யாரோடும் பேசுவதில்லை. கண்ணை மூடினால் அலறிக்கொண்டு எழுந்துவிடுகிறான். லீவு நாளில் இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் படுப்பார்கள். இப்போது அந்தப் பாயை விரிக்கவே விடமாட்டேன் என்கிறான். தூக்கம் இல்லாமல் பிள்ளைக்குக் கன்னமெல்லாம் ஒட்டிப்போய்விட்டது.

மெஹராஜ் வந்து திட்டியிருந்தால் அம்மாக்கண்ணு காலில் விழுந்து அழுதிருப்பாள். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்வரின் மையத்து எடுத்த அன்று கூட்டத்தோடு நின்றதோடு சரி, அம்மாக்கண்ணு அந்த வாசல் பக்கமே போகவில்லை.

"இன்னும் கேளு. பொம்ம வயித்துக்குள்ள வெள்ள சட்டைய கிழிச்சிக் கிழிச்சி அடைக்குது. ஸ்கூல் சட்டை. உன் புள்ளயோடது வூட்டுக்கு வந்துச்சா?"

வரவில்லை. அன்று இருவரும் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அரியை டிராயரோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரையில் கிடந்த துணியை யாரோ வாரிக்கொண்டு போய் மெஹராஜ் வீட்டில் கொடுத்துவிட்டார்கள்.

"உடுத்தின துணிய வச்சி செஞ்சா அது செய்வினைதான். புள்ள தூங்காத கெடக்கறதுக்கு வேற இன்னா காரணம்?"

தீர்ப்பைச் சொல்லிவிட்டு ராஜம்மாள் தன் வீட்டைப் பார்க்க நடந்தாள்.

சின்ன வயதில் அரிக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஓதவைத்துக்கொண்டு வந்தவள் இதே மெஹராஜ்தான். பயம் பிடித்துக்கொண்டால் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருகிறது?

அம்மாக்கண்ணு அடுப்பைக்கூட அணைக்கவில்லை. கிளம்பிவிட்டாள்.

மெஹராஜ் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. தொழுகைத் தொப்பியும் டி.வி. உறையும் பின்னுகிற அதே குரோஷா ஊசி கையில். மடியில் கறுப்பு உல்லன் பொம்மை. ராஜம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"எம் புள்ள சட்டையக் குடு" என்றாள் அம்மாக்கண்ணு. வழக்கமாகக் கூப்பிடும் அக்கா அவள் வாயில் வரவில்லை.

மெஹராஜ் அவளைப் பார்த்தாள். எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு மடித்த ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினாள். கிழிந்த பாக்கெட்டை நீல நூலால் அம்மாக்கண்ணு தைத்த தையல் அதில் அப்படியே இருந்தது. அரியின் சட்டைதான்.

அம்மாக்கண்ணு அதை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தாள். சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

எடுத்து வந்து கொடுக்கத்தான் இருந்தாளாம் மெஹராஜ். தன்னைப் பார்த்தால் பிள்ளை இன்னும் பயந்துகொள்வானோ என்று வரவில்லையாம். அரி தூங்காத கதை அவளுக்கும் தெரிந்திருந்தது. ராஜம்மாள் இந்த வீட்டுக்கும்தானே வந்துபோகிறாள்.

"இந்த பொம்ம?" அம்மாக்கண்ணு பொம்மையைக் காட்டிக் கேட்டாள்.

மெஹராஜ் அலமாரியிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். சவுதியில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் கரீம் வாங்கி வந்த வீடியோ கேம். அதன் கண்ணாடிக்குள் நிழல் மாதிரி ஒரு கறுப்பு ஆள் முதுகில் மூட்டையோடு மலையேறுவான். மேலேயிருந்து கல் உருண்டு வரும். பிள்ளைகள் அவனுக்கு மூட்டைக்காரன் என்று பெயர் வைத்து, ஆளுக்கொரு பொத்தானாக அழுத்தி அவனைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அது அன்வரின் டிராயர் பையில் இருந்தது. தண்ணீர் புகுந்து கண்ணாடி வெளுத்துவிட்டது.

"இனிமே இதுல மூட்டைக்காரன் வரமாட்டான். அரி தேடுவான் இல்ல? அதான் நூல்ல பண்ணேன்" என்றாள் மெஹராஜ். "உருவம் பண்ணா மூஞ்சி வைக்கக்கூடாதுன்னு எங்க வூட்ல சொல்லுவாங்க. அதுலயும் அவனுக்கு மூஞ்சி கெடையாது."

தான் என்ன நினைத்துக்கொண்டு வந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது அம்மாக்கண்ணுவுக்கு. "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தாள். மெஹராஜ் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். பொம்மையை எடுத்துக் கடைசிக் கண்ணியை இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்போ உள்ள அடைச்ச சட்டை?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

"அன்வரோடது."

பொம்மையை அம்மாக்கண்ணுவின் கையில் வைத்தாள் மெஹராஜ். வைத்த கையை எடுக்க அவளால் உடனே முடியவில்லை.

"அரி சட்டைய மட்டுந்தான் தொவைச்சேன் அம்மாக்கண்ணு. இதத் தொவைக்கல. அவன் வாசன அப்பிடியே இருக்குது. இத்தினி நாளு நான் இந்த சட்டையத் தலமாட்டுல வச்சினுதான் தூங்கினேன். இனிமே அரி தூங்கட்டும்."