இருபத்து மூன்று துண்டுகள்

பானை முழுதாக இருந்தது.

அவள் பீடத்தை ஒரு முறை சுற்றி வந்தாள். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு முறை. விரிசல் எங்கும் தெரியவில்லை. வாய், கழுத்து, வயிறு, அடியில் படிந்த கரி. எல்லாம் இருந்தன.

அக்கா கஞ்சி குடித்த பானை. பச்சை மண்ணாக இருந்தபோது அக்கா நகத்தால் கீறிய மூன்று கோடுகள்கூட அப்படியே.

அக்கா இறந்த மூன்றாம் நாள், ஊர் எல்லைப் பாறையில் அம்மா இதைப் போட்டு உடைத்தாள். அவர்கள் மலையில் அப்படித்தான். சாப்பிட்ட பானை உடைந்தால்தான் போனவர் போவார். இல்லையென்றால் பசியோடு வாசலிலேயே நிற்பார்.

உடைந்த பிறகு அது வெறும் ஓடு. மழையில் கிடக்கும். ஆடு மிதிக்கும்.

அந்த ஓடுகளைத்தான் அவள் இந்தப் பீங்கான் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாள்.

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம், மலை மக்களுக்கென்று தனிக் கூடம், உங்கள் பொருள் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஊர் இரண்டு நாள் பேசியது. கடைசியில் அம்மாதான் சொன்னாள்.

"கொண்டு போ. மண்ணுல பரப்பி வைக்கட்டும். நாம எப்படி வழியனுப்புறோம்னு அவங்களும் பாக்கட்டும்."

இருபத்து மூன்று துண்டுகள். அவளே பொறுக்கினாள். இதே அருங்காட்சியகத்தின் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினாள். வாய் விளிம்பு ஒன்று முதல் ஐந்து. கழுத்து ஆறு முதல் ஒன்பது. வரிசை சரிதானா என்று மூன்று முறை பார்த்தாள். ஒவ்வொன்றையும் தனியாகப் பஞ்சில் சுற்றினாள்.

"எப்படி இருக்கு?"

அருளப்பன் சார். ஒட்டியவர் அவர்தான். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோலோடு உரிந்துகொண்டிருந்தது.

"எங்க ஒட்டியிருக்கேன்னு காட்டு பாப்போம். கரெக்டா காட்டினா பிரியாணி."

சிரித்தார். நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிந்தது.

"நாலு மாசம்மா. உன் நம்பர் மட்டும் இல்லேன்னா ஒரு வருஷம் ஆயிருக்கும். பாதி நீ ஒட்டின மாதிரிதான்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.

எழுதாமல் விட்டுவிட்டேனோ?

முதலில் தன்மீதுதான் சந்தேகம் வந்தது. எப்போதும் அப்படித்தான். ஓடுகளைக் கொடுத்தபோது நிரப்பிய படிவத்தின் நகலைப் பையிலிருந்து எடுத்தாள். இரண்டாம் பக்கம். சிறப்புக் குறிப்புகள்.

ஒட்டக் கூடாது. எந்தத் துண்டையும் எதனோடும் சேர்க்கக் கூடாது. மண் பரப்பி அதன்மேல் வைக்கவும்.

அவள் கையெழுத்து. அடியில் இரண்டு கோடுகள்.

இன்னொரு முறை படித்தாள். ஒரு பிழையும் இல்லை.

காப்பாளர் வசுமதி மேடம் சரசரக்கும் பட்டுப் புடவையில் வந்தார். திறப்பு விழா பதினொரு மணிக்கு. அவள் படிவத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

"படிச்சேனே. ஊர்ல பெரியவங்க ஏதோ நம்பிக்கையில சொல்றதுதானே. அதுக்காக உடைஞ்ச ஓட்டைக் கொண்டுவந்து நடுக்கூடத்துல கொட்ட முடியுமா? உங்க ஆளுங்களுக்குத்தானே மரியாதைக் குறைச்சல்?"

உங்க ஆளுங்க.

பக்கத்துக் கூடத்தில் ஒரு சீனத் தட்டு இருந்தது. மூன்றாக உடைந்தது. வெல்வெட் துணியில், மேலே தனி விளக்கு. ‘உடைந்த நிலையிலேயே பாதுகாக்கப்படுகிறது’ என்று பித்தளையில் பொறித்திருந்தார்கள். வகுப்புக்கு வரும்போதெல்லாம் அவள் அதைக் கடந்துதான் வருவாள்.

அதை ஒட்ட இத்தனை வருடங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பிரிச்சுக் குடுங்க சார்," என்றாள்.

"பிரியாதும்மா." அவர் குரலில் பெருமை. "இனிமே கீழ விழுந்தாலும் வேற இடத்துலதான் உடையும். நான் ஒட்டின இடத்துல உடையாது."

வெளியே வேன் வந்து நின்றது.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். ஊரிலிருந்து பன்னிரண்டு பேர். அம்மா முன்னால் இறங்கினாள். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சேலை.

தரை புதிது. நேற்றுத்தான் மெருகேற்றினார்கள். வாசலில் காவலாளி எல்லோரையும் நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு காலைத் தூக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்னும் பத்து அடி. உள்ளே வந்தால் பார்த்துவிடுவாள்.

நான்கு மாதமாக அக்கா இங்கே நிற்கிறாள். தெரியாத ஊரில். பட்டினியாக.

பீடத்துக்குக் கண்ணாடி மூடி இன்னும் போடவில்லை. அவள் இரண்டு கைகளாலும் பானையைத் தூக்கினாள். கனமே இல்லை.

"ஏய், மெதுவா, மெதுவா," என்றார் அருளப்பன் சார்.

வசுமதி மேடம் ஏதோ சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை.

கூடத்தின் நடுவில் போய் நின்றாள். சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்பதைச் சரிபார்த்துக்கொண்டாள். பிறகு வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"அம்மா, செருப்பைக் கழட்டாத. எல்லாரையும் போட்டுக்கிட்டே வரச் சொல்லு."