தானே நிற்கும் ராட்டினம்

தக்கலைப் பொருட்காட்சியில் மாலை ஐந்து மணிக்கே கூட்டம் நெருக்கியடித்தது. ராட்டினத்துக்குச் சொந்தக்காரியான முத்துக்கனி டிக்கெட் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கோப்புமாக ஒருவர் வந்து நின்றார்.

"பாதுகாப்பு ஆய்வாளர் சிவபிரசாத். ராட்டினத்தை நிறுத்துங்க. நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் ஏத்தணும்."

பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறு. இன்று ஓடாவிட்டால் பிறகு என்று ஓட?

"கவர் எதிர்பாக்காரு அக்கா," என்று காதைக் கடித்தான், ராட்டினம் ஓட்டும் ஜெஃப்ரின்.

"சும்மா கெட மக்கா. எல்லாம் முறையாத்தானே வச்சிருக்கோம்?"

சிவபிரசாத் நேராக மோட்டார் பக்கம் போய்க் குனிந்தார். அச்சில் ஒரு பல்சக்கரம். அதையொட்டி விரல் தடிமனில் ஒரு சென்சார்.

"இது எதுக்கு?"

"ஒவ்வொரு பல்லும் தாண்டும்போ இது ஒரு துடிப்பு அனுப்பும் சார். கன்ட்ரோல் பெட்டி அதை எண்ணி வேகத்தைக் கண்டுபிடிக்கும். வேகம் கூடினா ராட்டினம் நின்னுரும்," என்றாள் முத்துக்கனி.

"வயரே அறுந்துட்டா?"

"துடிப்பு வரலேன்னாலும் நின்னுரும். வேகம் தெரியாம ஓடப்பிடாதுல்லா?"

முதல்முறையாக அவர் சிரித்தார். "அருமை. இதை ஜனங்களும் பாக்கட்டும். மைக்கைக் குடுங்க."

ஒலிபெருக்கி அலறியது: "பொதுமக்களே! காலி ராட்டினம் சுத்தப்போகுது. நான் சென்சார் வயரை எடுப்பேன். அது தானா நிக்கணும். நிக்கும்போது எந்த நிறத் தொட்டில் உச்சியில இருக்குன்னு முதல்ல சொல்றவருக்கு ஒரு சுற்று இலவசம். மேலேயிருந்து கண்ணை எடுத்துராதீங்க!"

டில்லி அப்பளக் கடையில் நின்றவர்கள்கூட அப்பளத்தோடு ஓடிவந்தார்கள். ராட்டினம் சுற்றியது. ஐந்து சுற்று, ஆறு சுற்று. "இன்னும் கொஞ்சம்," என்று கை காட்டிக்கொண்டே இருந்தார் சிவபிரசாத். பத்தாவது சுற்றில் வயரை உருவினார். ராட்டினம் தளர்ந்து, அசைந்து, அப்படியே நின்றது.

"மஞ்சள்!" என்று மைதானமே கத்தியது. முத்துக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் வயரை மாட்டச் சொல்லி, சான்றிதழில் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார்.

"ஒரு சாயா குடிக்கேளா சார்?"

"கடமையில இருக்கும்போ பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டேன்மா," என்று கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

"பாத்தியா மக்கா? எல்லாரையும் ஒரே தராசில நிறுக்கப்பிடாது," என்றாள் முத்துக்கனி. ஜெஃப்ரின் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான்.

டிக்கெட் வரிசை வாசல்வரை நீண்டது. அவள் உற்சாகமாகக் கவுண்டரைத் திறந்தாள்.

வரிசையில் நின்ற முதல் இருபது பேரிடமும் பர்ஸ் இல்லை. மஞ்சளா பச்சையா என்று அவர்கள் அண்ணாந்து நின்ற நேரத்தில், சிவபிரசாத்தின் ஆட்கள் குனிந்து தங்கள் கடமையை முடித்திருந்தார்கள்.