கேப்டன் நாற்காலி

மாதாமேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பிலவேந்திரன் நடுக்கடலில் ஒரு கப்பலைக் கொள்ளையடித்துவிட்டு, கேப்டன் உட்காரும் சுழல் நாற்காலியோடு கரைக்கு வந்தான். வள்ளத்தை இழுத்துக் கரையேற்றுகிறவனுக்கெல்லாம் கறிக்கு மீன் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். நாற்காலியில் எதைப் பிய்த்துக் கொடுப்பது? ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. மறுநாளே அவன் பெண்டாட்டி ரொசாரி அதை வாசலில் போட்டு உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தாள். பாதிச் சுற்றில் கடலைப் பார்ப்பாள், மீதியில் எங்கள் வீட்டைப் பார்ப்பாள். என் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. "நீரும் ஒரு ஆம்பளைன்னு கடலுக்குப் போறீரு" என்றாள் என் பெண்டாட்டி.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூடினோம். கொள்ளை பாவம் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"நாற்காலியக் கடல்ல போடு. இல்ல, குடும்பத்தோட ஊரவிட்டுப் போ" என்றேன்.

பிலவேந்திரன் கும்பிட்டான். "போட்டுருதேன் மாமா. ஒம்ம வீட்டு வெள்ளிக் கரண்டி கறுக்காம இருக்கா?"

"வெயில் ஏறுதுல்ல, பேச்ச விடு" என்றேன்.

ஆளுக்கு ஒருமுறை உட்கார்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நாற்காலியை அலையில் தள்ளினோம். அது மூழ்கவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

தீர்ப்புச் சொன்னவர்கள் பதினொரு பேர். அன்று அந்தக் கப்பலில் ஏறியவர்கள், பிலவேந்திரனையும் சேர்த்து, பன்னிரண்டு பேர்.