திருப்பாத படம்

"திருப்பாம அப்படியே ஒட்டணுமா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?"

பேனாக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எதிரில் நின்ற பஸ் கண்டக்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யோசிச்சுத்தான்மா சொல்றேன். படத்தை எந்தப் பக்கமும் திருப்ப வேண்டாம். ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

அவள் கணவர் பின்கட்டில் மரத்தைக் கடைந்து பேனா செய்வார். அதன்மேல் படம் ஏற்றுவது இவள் வேலை. அச்சடித்த காகிதத்தைப் பசை தடவிய மரத்தில் குப்புற ஒட்டி, காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் காகிதம் உரிந்துவிடும், மை மரத்திலேயே தங்கிவிடும். குப்புற ஒட்டுவதால் இடது வலதாகிப் போகும். அதற்காகவே அச்சடிக்கும் முன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை திருப்பிப் போட்டுக்கொள்வாள். இந்தத் தொழிலில் அரிச்சுவடியே அதுதான்.

கண்டக்டர் கொடுத்தது அவருடைய இருபது வயதுப் படம். மீசை அப்போதுதான் முளைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். இப்போதும் அதே இடத்தில் இருந்தது.

"திருப்பாம ஒட்டினா இந்த மச்சம் வலது கன்னத்துக்குப் போயிடும் சார். வகிடும் மாறிடும்."

"போகட்டும்."

"யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"அம்மாவுக்கு. வெள்ளம் வீட்டுக்குள்ள பூந்ததுல ஆல்பம் எல்லாம் கூழாப் போச்சும்மா. இது டிப்போவுல என் பெட்டியில கெடந்ததால தப்பிச்சுது. தினமும் ஏதாவது எழுதாம தூங்கமாட்டாங்க எங்கம்மா. வெள்ளத்துக்கு அப்புறம் பேனாவையே தொடலை. சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. எப்பாடு பட்டாவது அவங்களை மறுபடியும் எழுத வெக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"அதுக்காகத்தான் சொல்றேன். பெத்தவங்களுக்கு மச்சம் எந்தப் பக்கம்னு தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் நானும் சொல்றேன்."

தெருவில் டிரைவர் பொறுமை இழந்து ஹார்ன் அடித்தார். "நாளைக்கு சாயங்காலம் வரேன். திருப்பிடாதீங்க!" என்று கத்திக்கொண்டே கண்டக்டர் ஓடினார்.

கணவர் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டு வந்தார். "கேட்டதைச் செஞ்சு குடுத்துட்டுப் போயேன். உனக்கென்ன வந்துது?"

"தன் மூஞ்சியை மனுஷன் கண்ணாடியில மட்டும்தானேங்க பாக்கறான்? அதுதான் சரின்னு நெனைச்சுக்கிட்டிருக்காரு. அம்மா நேருக்கு நேரா பாத்தவங்க. இதைப் பாத்ததும் 'எவன்டா இவன்'னு கேப்பாங்க. அப்புறம் எங்க எழுதறது?"

"ஆரம்பத்துல நீகூட ஒரு டாக்டர் பேரைத் திருப்ப மறந்து, எழுத்தெல்லாம் தலைகீழா..."

"ஆம்புலன்ஸ் முன்னாடி ஒட்டத்தான் லாயக்குன்னு நீங்க சிரிச்சது இன்னும் என் காதுல இருக்கு. அன்னையிலேருந்து என் கையில ஒரு படம் மாறினதில்லை. தெரிஞ்சே தப்பு பண்ணச் சொன்னா எப்படிங்க கை வரும்?"

"சரி, இப்போ என்னதான் பண்ணப் போற?"

"ரெண்டு பேனா கடைஞ்சு குடுங்க. ஒண்ணு அவர் சொன்ன மாதிரி, ஒண்ணு சரியா. பக்கத்துல பக்கத்துல வெச்சா அவரே ஒத்துக்குவாரு."

"உன் பிடிவாதத்துக்கு ஒரு மரக்கட்டை தண்டம்" என்று முனகிக்கொண்டே அவர் நல்ல கட்டையாகத்தான் பொறுக்கினார்.

சரியான படம் முதல் தடவையிலேயே அம்சமாக வந்துவிட்டது. மற்றது படுத்தி எடுத்தது. திருப்பாத படத்தைக் கையில் எடுத்தாலே விரல் தயங்கியது. ஈரக் காகிதத்தைத் தேய்க்கும்போது மூக்கு பாதி உரிந்து வந்தது. மரத்தை இழைத்துவிட்டு மறுபடி ஒட்டினாள். இந்த முறை காது போயிற்று. 'உன்னை விடறதா இல்லை' என்று படத்திடமே சொல்லிவிட்டு, விரல் நுனி ஊறிச் சுருங்கும்வரை பூப்போலத் தேய்த்தாள். தப்பான படம்தான் என்றாலும் அரைகுறையாகக் கொடுக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் அதுவும் பிசிறில்லாமல் வந்தது. இரண்டுக்கும் வார்னிஷ் அடித்துக் காயவைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் கண்டக்டர் மூச்சு வாங்க வந்து நின்றார். அவள் சரியான பேனாவை முதலில் நீட்டினாள்.

"பாருங்க சார். அச்சு அசல் நீங்கதான்!"

கண்டக்டரின் முகம் விழுந்துவிட்டது. "நான்தான். ஆனா நான் கேட்டது..."

"இருங்க, கோவிச்சுக்காதீங்க. அதுவும் இருக்கு."

இரண்டாவது பேனாவை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது கன்னத்து மச்சத்தை விரலால் மெல்லத் தடவினார்.

பேனாக்காரம்மா விடுவதாக இல்லை. "ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க சார். எது சரின்னு நீங்களே சொல்லுங்க. அம்மாவுக்கு எதைக் குடுக்கப் போறீங்க?"

அவர் இரண்டு பேனாக்களையும் மேசைமேல் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வைத்தார். கண்கள் நிறைந்துவிட்டன.

"இது நான்" என்றார். பிறகு மற்றதைத் தொட்டார். "இது என் தம்பி. இருபது வயசுலயே போயிட்டான், அவன் படம் ஒண்ணுகூட வெள்ளத்துல மிஞ்சலை. ஒரே மூஞ்சி எங்களுக்கு, மச்சம் மட்டும்தான் பக்கம் மாறியிருக்கும். ரெண்டையும் ஒரே பெட்டியில வைங்கம்மா... எங்கம்மா எங்களை ஒண்ணாத்தான் பெத்தாங்க."