கணக்கு டீச்சரின் சந்தேகங்கள்

பூகோள வாத்தியாருக்கு விசா கிடைப்பதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் வழியனுப்பு விழா நடத்திவிட்டார்கள்.

பரீட்சை வந்துவிட்டால் ஹால் கிடைக்காது என்று தலைமையாசிரியர் அவசரப்பட்டுவிட்டார். கைக்கடிகாரம் கொடுத்து, குரூப் போட்டோவும் எடுத்தாகிவிட்டது. வாத்தியாரும் சும்மா இருக்காமல், தான் போகப்போகிற நாட்டின் மண்ணையும் மழையையும் பற்றி முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டார். விசா இல்லையென்றால் அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எந்த முகத்தோடு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைவது?

அதனால் விசா இன்டர்வியூ வரிசையில் நின்றவர் ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஆறு மாத ஆசிரியர் பரிமாற்றத் திட்டம். இருபத்தாறு வருஷமாக உலகப் படத்தில் குச்சியை வைத்து எல்லாக் கடலையும் தாண்டியவர், நிஜத்தில் ஓர் எல்லையைக்கூடத் தாண்டியதில்லை.

"சார், உங்களுக்கும் இந்தத் திட்டம்தானா?"

பின்னால் ஒரு கணக்கு டீச்சர். வேறு பள்ளிக்கூடம், அதே திட்டம், அதே விமானம். அவர் கையில் ஒல்லியாக ஒரு ஃபைல். வாத்தியாருடையதோ தலையணை கனம்.

"ஒரு சந்தேகம் சார். உள்ள போனா என்ன கேப்பாங்க?"

சந்தேகம் என்ற சொல் காதில் விழுந்ததும் வாத்தியாரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அந்த நாட்டைப் பத்திக் கேப்பாங்க டீச்சர். எத்தனை நதி, எது எங்க உற்பத்தியாகுது..."

"ஓ! ஆறு மாசம் முடிஞ்சதும் திரும்பிடுவீங்களான்னு கேட்டா?"

வாத்தியார் அதை யோசிக்கவே இல்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை.

"அது... நேராச் சொல்லிடணும். வேலை இங்க காத்துட்டிருக்கு, ஸ்கூல்ல குடுத்த லீவு லெட்டர் இதோ, குடும்பம் மொத்தமும் இங்கதான்னு."

"அப்ப லீவு லெட்டரை மேல வச்சுக்கட்டுமா சார்?"

"பின்னே? மேலதான்!"

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும், வாத்தியார் தன் தலையணை ஃபைலைப் பிரித்து, அடியில் கிடந்த லீவு லெட்டரை உருவி மேலே வைத்துக்கொண்டார்.

உள்ளே கேட்டது ஒரே கேள்விதான்: திரும்பி வருவீர்களா? நதிகளை யாரும் சீண்டவில்லை. விசா கிடைத்துவிட்டது.

வீட்டில் மனைவியிடம் அலுத்துக்கொண்டார். "அந்தக் கணக்கு டீச்சர் ஒண்ணுமே தெரியாத வெகுளி. வழி நெடுக நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும் போல."

"கையெல்லாம் பிடிக்க வேண்டாம். பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்தா போதும்" என்றார் மனைவி.

விமான நிலையத்தில் பெட்டி எடை போடும் வரிசையிலும் டீச்சருக்குச் சந்தேகம் வந்தது.

"சார், நம்மளைக் கூப்பிட்ட ஸ்கூல்லேருந்து கையெழுத்துப் போட்டு ஒரு ஃபாரம் அனுப்பினாங்களே, அதைப் பெட்டியில போடறதா, கையில வச்சுக்கறதா?"

வாத்தியாருக்குப் பகீரென்றது. தொலைந்துவிடக் கூடாதே என்று அவர் அதைப் பெரிய பெட்டியின் அடியில், போர்வைக்குள் சுருட்டி வைத்து, பூட்டுப் போட்டு, பூட்டின்மேல் டேப்பும் சுற்றியிருந்தார். இன்னும் பத்து நிமிஷத்தில் அந்தப் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும்.

"கையிலதான் டீச்சர்! இறங்கினதும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. இதுகூடத் தெரியாம கிளம்பிட்டீங்களே!"

சொல்லிவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று பெட்டியோடு ஒரு தூணுக்குப் பின்னால் போனவர், டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, போர்வையோடு மல்லுக்கட்டி, ஃபாரத்தை மீட்டுக்கொண்டு வந்தார்.

விமானம் கிளம்புவதற்கு முன்பே டீச்சர் ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். பாவம், பயத்தில் கண்ணை மூடிக்கொண்டார் என்று வாத்தியார் பரிதாபப்பட்டார். விமானம் லேசாக ஆடியபோதெல்லாம் இருக்கையின் கைப்பிடியை வாத்தியார் பிய்த்து எடுக்காததுதான் குறை.

இறங்கியதும் கவுண்டரில் அதிகாரி கையை நீட்டினார். "ஃபாரம்?"

வாத்தியார் டக்கென்று எடுத்து நீட்டினார். பக்கத்துக் கவுண்டரில், ஃபாரத்தைப் பெட்டியில் போட்டுவிட்ட ஒருவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார்கள். வாத்தியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து டீச்சர். திணறினால் உதவலாம் என்று வாத்தியார் சற்றுத் தள்ளியே நின்றார்.

அதிகாரி டீச்சரின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்துக்குப் பக்கம் முத்திரைகள். புதிதாகக் குத்த இடம் தேடுகிறார் என்பது வாத்தியாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"டீச்சர்... நீங்க இங்க முன்னாடியே வந்திருக்கீங்களா?"

"அக்கா இங்கதான் சார் இருக்காங்க. இது ஏழாவது தடவை."

"சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

"அப்புறம் ஏன் எல்லாத்தையும் என்கிட்ட கேட்டீங்க?"

டீச்சர் தயங்கினார். "வரிசையில நின்னப்போ உங்க கையில ஃபைல் நடுங்கிட்டிருந்துச்சு. நான் சொல்லிக்குடுத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்தா நடுக்கம் நின்னுடும்னு தோணுச்சு சார். நின்னுடுச்சே!" என்றவர், "அப்புறம்... உங்க காலர்ல டேப் ஒட்டியிருக்கு. நேத்துலேருந்து" என்றார்.

வாத்தியாரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏனோ மனசு லேசாகவும் இருந்தது. டேப்பைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். மனைவியிடமிருந்து செய்தி வந்திருந்தது.

'அந்த டீச்சரைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்துட்டீங்களா?'

'சேர்த்தாச்சு' என்று அடித்தார். கொஞ்சம் யோசித்து, அதை அழித்துவிட்டு மறுபடி அடித்தார்.

'அவங்கதான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தாங்க.'